உஷார்! வீட்டு பி.பி. மிஷினைப் பார்த்து மாத்திரையில் கை வைக்காதீர்கள்

வீட்டில் பி.பி. மிஷின் வைத்திருப்பவர்கள் இதை இன்றே படித்துவிடுங்கள். திரையில் வரும் எண்ணைப் பார்த்துவிட்டு மாத்திரையைக் கூட்டுவது, குறைப்பது, நிறுத்துவது எல்லாம் இப்போது வீட்டுக்கு வீடு நடக்கிறது. "நேத்து நூத்தி இருபதுதான் காட்டுச்சு, அதான் மாத்திரை போடல" என்கிறார் ஒருவர். "நூத்தி எழுபது வந்துச்சு, பயந்துபோய் பக்கத்து வீட்டு அக்காகிட்ட ஒரு மாத்திரை வாங்கிப் போட்டுக்கிட்டேன்" என்கிறார் இன்னொருவர். இரண்டு பேருமே ஆபத்தை விலை கொடுத்து வாங்குகிறார்கள்.

முதலாமவரைப் பாருங்கள். 120 வந்ததே மாத்திரை வேலை செய்வதால்தான். நம் ஊரில் பலர் சாப்பிடும் அம்லோடிபின் உடம்பை விட்டு மெதுவாகத்தான் வெளியேறும். அதனால் நிறுத்திய மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் மிஷின் நல்ல எண்ணையே காட்டக்கூடும். "பார்த்தியா, மாத்திரை இல்லாமலே நார்மல்" என்று மனசு நம்பிவிடுகிறது. பிறகு மிஷின் அலமாரிக்குள் போய்விடும், பிரஷர் சத்தமில்லாமல் ஏறிக்கொண்டிருக்கும். அட்டெனலால், மெட்டோப்ரோலால் போன்றவை இன்னும் மோசம். இதய நோயாளி இவற்றைத் திடீரென நிறுத்தினால் படபடப்பு, நெஞ்சுவலி, மாரடைப்பு வரை போகலாம். கிளோனிடினைச் சட்டென்று நிறுத்தினால் பிரஷர் பழைய அளவையும் தாண்டி எகிறும்.

இரண்டாமவர் பார்த்த 170, உண்மையில் 170 தானா? அது எப்படி அளக்கப்பட்டது என்று பாருங்கள். காய்கறிப் பையோடு மாடிப்படி ஏறி வந்த அம்மா கட்டில் ஓரத்தில் உட்கார்கிறார். முதுகுக்குச் சாய்மானம் இல்லை, கால் தரையில் ஊன்றவில்லை. ஜாக்கெட் கைக்கு மேலேயே பையன் பட்டையைச் சுற்றுகிறான். அம்மாவின் கை மடியில் கிடக்கிறது. பட்டை இறுகிக்கொண்டிருக்கும்போதே, "என்னடா காட்டுது, போன வாரத்தைவிட ஜாஸ்தியா?" என்று கேட்கிறார். டிவியில் சீரியல் ஓடிக்கொண்டிருக்கிறது. 168/98 என்று வருகிறது. வீடே கலங்கிப் போகிறது.

இந்தக் காட்சியில் ஒவ்வொன்றுமே எண்ணை ஏற்றிவிடக் கூடியது. கை மடியில் இருந்தால் மேல் பிரஷரும் கீழ் பிரஷரும் சுமார் 4 புள்ளி கூடுதலாகக் காட்டும், கையைத் தொங்கவிட்டால் மேல் பிரஷர் 6 புள்ளிக்கு மேல் கூடும் என்று அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவர்கள் 2024-ல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. இதய மட்டத்துக்குக் கீழே கை இறங்கினால் ரத்தத்தின் எடையும் அளவில் சேர்ந்துகொள்வதே காரணம். பேசிக்கொண்டே அளந்தாலும், சிறுநீரை அடக்கிக்கொண்டு அளந்தாலும் 10 புள்ளி வரை ஏறலாம். கால்மேல் கால் போட்டால் அதற்கும் சில புள்ளிகள்.

ஆனால் இவை எல்லாவற்றையும் மிஞ்சும் தவறு ஒன்று இருக்கிறது: கைக்குப் பொருந்தாத பட்டை. பெட்டியோடு வரும் பட்டை பெரும்பாலும் நடுத்தரமான கைக்குத்தான். பருத்த கையில் அதை இழுத்துப் பிடித்துச் சுற்றினால் பிரஷர் இல்லாதவருக்கும் பிரஷர் இருப்பதாகக் காட்டும். மிகப் பெரிய பட்டை தேவைப்படும் ஒருவருக்குச் சாதாரணப் பட்டையைப் போட்டால் மேல் பிரஷர் சராசரியாகச் சுமார் 20 புள்ளி கூடுகிறது என்று 2023-ல் வந்த ஆய்வு சொல்கிறது. இருபது புள்ளி என்பது சாதாரண விஷயமா? டாக்டர் அதை நம்பினால் இன்னொரு மாத்திரை எழுதிவிடுவார். தையல்காரர் டேப்பை எடுத்துத் தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் கையின் சுற்றளவைப் பாருங்கள். பட்டையிலேயே 22-32 செ.மீ., 22-42 செ.மீ. என்று அச்சிட்டிருக்கும். உங்கள் கை அதற்குள் அடங்காவிட்டால், அந்தப் பட்டையில் வரும் எந்த எண்ணையும் நம்பாதீர்கள். மெலிந்த கையில் பெரிய பட்டையைப் போட்டால் இதற்கு நேர்மாறு: பிரஷர் இருந்தும் இல்லாதது போலக் காட்டும்.

மிஷின் வாங்கும்போதும் உஷார் தேவை. டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து ரத்தம் பாயும் சத்தத்தைக் கேட்கிறார். வீட்டு மிஷின் சத்தம் எதையும் கேட்பதில்லை. பட்டைக்குள் ஏற்படும் சின்னச் சின்ன அதிர்வுகளை வைத்து, அதைத் தயாரித்த கம்பெனியின் கணக்குப்படி மேல் பிரஷரையும் கீழ் பிரஷரையும் கண்டுபிடிக்கிறது. அந்தக் கணக்கு சரியா என்று மனிதர்களை வைத்துச் சோதித்துப் பார்த்திருக்க வேண்டும். ஆஸ்திரேலியாவில் ஆன்லைனில் விற்ற 972 வகைக் கருவிகளைச் சரிபார்த்து 2020-ல் ஓர் ஆய்வு வந்தது. மேல் கையில் கட்டும் மிஷின்களில் ஐந்தில் ஒரு பங்குகூட முறைப்படி சோதிக்கப்படவில்லை. மணிக்கட்டில் அணியும் வாட்ச் வகையில் ஒன்றுகூட இல்லை. எந்த மாடல் தேறியது என்ற பட்டியலை 'ஸ்ட்ரைட் பிபி' என்ற சர்வதேச மருத்துவ அமைப்பு வைத்திருக்கிறது. வாங்கும் முன் அதில் தேடிப் பாருங்கள், அல்லது டாக்டரைக் கேட்டு வாங்குங்கள். மெடிக்கல் ஷாப்பில் "இதுதான் நல்லா போகுது" என்று எடுத்துக் கொடுப்பதை அப்படியே வாங்கி வராதீர்கள்.

போனில் பிரஷர் பார்க்கலாம் என்று சொல்லும் ஆப்களைத் தொடவே தொடாதீர்கள். 'இன்ஸ்டன்ட் பிளட் பிரஷர்' என்று ஓர் ஆப் 2014, 2015-ல் லட்சத்துக்கும் மேல் விற்றது. 2016-ல் அதைச் சோதித்தபோது, உயர் ரத்த அழுத்தம் இருந்தவர்களில் சுமார் முக்கால்வாசிப் பேருக்கு அது "நார்மல்" என்று காட்டியது தெரியவந்தது. அத்தனை பேரும் நிம்மதியாகத் தூங்கியிருப்பார்கள் என்று நினைத்தாலே நெஞ்சு பதறுகிறது.

சரி, எப்படித்தான் அளப்பது? காலையில் எழுந்து, சிறுநீர் கழித்துவிட்டு, காபிக்கு முன்னால், மாத்திரைக்கும் முன்னால். முதுகு சாய்கிற நாற்காலியில் உட்காருங்கள், இரண்டு பாதமும் தரையில் இருக்கட்டும். கையை டைனிங் டேபிள் மேல் வையுங்கள். டீபாய் ரொம்பத் தாழ்வு, அது வேண்டாம். பட்டை நெஞ்சின் நடு மட்டத்துக்கு வர வேண்டும், வராவிட்டால் கைக்கு அடியில் துண்டை மடித்து வையுங்கள். பட்டை வெறும் தோலில் படட்டும், முழங்கை மடிப்புக்கு இரண்டு விரல் மேலே. இறுக்கமான ஜாக்கெட் கையைச் சுருட்டி ஏற்றுவதும் தவறு, சுருண்ட துணி கையை நெரிக்கும். ஐந்து நிமிடம் பேசாமல், போனைப் பார்க்காமல் உட்கார்ந்த பிறகுதான் பட்டனை அழுத்த வேண்டும். ஒரு நிமிடம் விட்டு இன்னொரு முறை. சாயங்காலமும் இதே மாதிரி. டயாலிசிஸுக்காக ஃபிஸ்டுலா போட்ட கையில் கண்டிப்பாகக் கட்டக் கூடாது.

இப்படி ஏழு நாள் எழுதி, முதல் நாளை விட்டுவிட்டு மற்றவற்றின் சராசரியைப் பாருங்கள். வீட்டில் எடுக்கும் சராசரி 135/85 அல்லது அதற்கு மேல் என்றால் அது உயர் ரத்த அழுத்தம். ஆஸ்பத்திரியில் சொல்லும் 140/90-க்கு இணையான வீட்டு அளவு இதுதான். சிலர் ஐந்து முறை அளந்து, குறைவாக வந்ததை மட்டும் நோட்டில் எழுதி டாக்டரிடம் நீட்டுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். அந்த நோட்டை நம்பித்தான் அவர் மருந்து எழுதுகிறார். மூட்டுவலிக்கு வாங்கிப் போடும் டைக்ளோஃபெனாக், இபுபுரூஃபன் மாத்திரைகள் பிரஷரை ஏற்றும். அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். மிஷின் வாங்க வசதியில்லாதவர்கள் கவலைப்பட வேண்டாம். தமிழ்நாட்டில் 2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து பார்க்கிறார்கள், மாத்திரையும் கொடுக்கிறார்கள்.

கர்ப்பிணிகளுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. 140/90 வந்தாலே அன்றே டாக்டரைப் பார்க்க வேண்டும். கர்ப்பகால ரத்த அழுத்த நோயில் பல வீட்டு மிஷின்கள் உண்மையைவிடக் குறைத்துக் காட்டும். அதனால் கடும் தலைவலி, கண் மங்கல், மேல் வயிற்றில் வலி என்று ஏதாவது இருந்தால் மிஷின் என்ன காட்டினாலும் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். இதயத் துடிப்பு சீராக இல்லாதவர்களும் மிஷினை மட்டும் நம்பக் கூடாது. வயதானவர்களுக்கு, உட்கார்ந்து அளந்த பிறகு எழுந்து நிற்க வைத்து ஒரு முறை அளங்கள். நின்றதும் மேல் பிரஷர் 20 புள்ளி இறங்கினால் தலைசுற்றி விழுந்து இடுப்பெலும்பு முறியும் ஆபத்து இருக்கிறது. டாக்டரிடம் சொல்லியாக வேண்டும்.

திரையில் 180/120-க்கு மேல் வந்தால்? பதறாமல் ஐந்து நிமிடம் உட்கார்ந்து மறுபடி அளந்து பாருங்கள். உடம்பில் எந்தத் தொந்தரவும் இல்லை, ஆனால் எண் இறங்கவில்லை என்றால் அன்றைக்கே டாக்டரிடம் பேசுங்கள். நாக்குக்கு அடியில் நிஃபெடிபின் கேப்ஸ்யூலை வைத்துக்கொள்ளும் பழக்கம் சில இடங்களில் இன்னும் இருக்கிறது. பிரஷரைத் தடாலென்று இறக்கி மூளைக்கும் இதயத்துக்கும் ரத்தம் போகாமல் செய்துவிடும் என்பதால், இதை அறவே நிறுத்த வேண்டும் என்று 1996-லேயே மருத்துவ இதழ்களில் எழுதிவிட்டார்கள். இன்னமும் அதை வீட்டில் வைத்திருந்தால் இன்றே தூக்கிப் போடுங்கள்.

நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், வாய் கோணுதல், பேச்சுக் குழறல், ஒரு பக்கக் கை கால் மரத்துப்போதல், திடீர்ப் பார்வைக் குறைவு ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் மிஷினை எடுக்கவே எடுக்காதீர்கள். மூளையில் ரத்தக்குழாய் அடைப்பு என்றால் அதைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். பட்டையைச் சுற்றி இன்னொரு முறை அளந்து பார்ப்போம் என்று ஒரு நிமிடம்கூட வீணாக்காமல் 108-ஐ அழையுங்கள்.