காணி நிலத்தின் பெயர் பூண்ட ஊர்

சித்தூர்ப் பக்கத்தில் உறவு உடைய குடும்பங்கள் நம்மிடையே பல உள. கடனிலோ வரப்பிலோ வழக்கு முற்றினால், காணிப்பாக்கத்துக் குளத்தில் மூழ்கிப் பிள்ளையார் முன்னிலையில் சத்தியம் செய்யச் சொல்லும் வழக்கத்தை அவ்வீட்டுப் பெரியோர் அறிவர். ஊர் தோன்றிய வகையை அறிந்தோர் சிலரே.

பாகுதா நதிக்கரையிலுள்ள இவ்வூரின் பழம்பெயர் விகாரபுரி என்பர். கண்ணற்றவர், செவியற்றவர், வாய்பேசாதவர் என உடன்பிறந்தார் மூவர் அங்கே சிறு நிலம் ஒன்றை ஏற்றம் இறைத்துப் பயிரிட்டனர். கிணறு வற்றவே, ஒருவர் கடப்பாறையுடன் இறங்கித் தோண்டினார். இரும்பு கல்லில் பட்டது; குருதி பெருகி நீரெல்லாம் சிவந்தது. அக்கணமே மூவர் குறையும் நீங்கின. ஊரார் திரண்டு வந்தபோது விநாயகர் திருவுருவம் வெளிப்பட்டது. அவர்கள் உடைத்த தேங்காய்களின் நீர் ஒன்றேகால் ஏக்கர் பரப்பில் ஓடியதாம்.

நம் முன்னோர் கணக்கில் ஒரு காணி ஏறத்தாழ 1.32 ஏக்கர். கதையளவும் நிலக்கணக்கும் இவ்வளவு நெருங்குவது வியப்பே! ‘பாக்கம்’ என்பதற்கு நீர் பாய்தல் என்று தலவரலாறு பொருள் கூறும். எனக்கோ, சேப்பாக்கம், நுங்கம்பாக்கம் என்பவற்றில் வரும், குடியிருப்பைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொல்லே இதுவும் எனத் தோன்றுகிறது.

கோயிலை எழுப்பியவன் முதற் குலோத்துங்கன் என்பது மரபு. பதினொன்றாம் நூற்றாண்டின் தொடக்கம் என்று பலரும் எழுதிவிடுகின்றனர். அவன் முடிசூடியதோ 1070-இல். தந்தைவழி வேங்கிச் சாளுக்கியன், தாய்வழி சோழன். இரு மொழிகள் கலக்கும் இடத்துக் கோயிலுக்கு அவன் பெயர் வழங்குவது பொருத்தமே. விசயநகர மன்னர் 1336-இல் இதனை விரிவாக்கினர் என்றும் சொல்வர். அவ்வரசே அவ்வாண்டில்தான் தோன்றியதென்பதால், அதை அப்படியே ஏற்கத் தயங்குகிறேன்.

பின்னைய வரலாறு எல்லைகளின் வரலாறு. வட ஆர்க்காட்டின் தலைநகராயிருந்த சித்தூர், 1911-இல் தனி மாவட்டமாயிற்று. 1953-இல் ஆந்திர மாநிலத்தைச் சேர்ந்தது. 1960 ஏப்ரல் முதல் நாள் திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. காணிப்பாக்கம் ஆந்திரத்திலேயே நின்றது. பெயர் மட்டும் மாறவில்லை.

மூலவர் இன்றும் அக்கிணற்றுக்குள்ளேயே இருக்கிறார், அந்நீரே தீர்த்தம். ஊருக்கு இரயில் நிலையம் இல்லை. காட்பாடியிலிருந்து பாகாலை வழியே திருப்பதி செல்லும் வண்டியில் ஏறிச் சித்தூரில் இறங்கினால், அங்கிருந்து பேருந்தில் ஏறத்தாழ 11 கிலோமீட்டர்.