'பொலிடிக்' என்று ஏசப்பட்டவர்கள்

உயர்தர வகுப்பில் பிரான்சின் மதப் போர்களைப் படித்தபோது, டீச்சர் கரும்பலகையில் 'பொலிடிக்' என்று எழுதினார். அக்காலத்தில் அது ஒரு வசைச்சொல். மதத்தை விட நாட்டின் அமைதியைப் பெரிதாக எண்ணுபவன், ஆகவே விசுவாசமற்றவன் என்று அதற்குப் பொருள். உண்மையில் இவர்களிற் பெரும்பாலோர் தேவாலயம் செல்லும் கத்தோலிக்கரே. எந்தப் பக்கமும் சேராத கோழைகள் என்றுதான் நானும் முதலில் நினைத்தேன்.

மிஷேல் த லொப்பித்தாலைப் பற்றி வாசித்த பிறகு அப்படி நினைக்க முடியவில்லை. 1560இல் பிரான்சின் சான்சலரானவர் அவர். அவ்வாண்டு டிசெம்பரில் ஓர்லியன் நகரில் கூடிய சபையில், லூதரன், ஹியூகனோ, பாப்பிஸ்ட் என்ற பெயர்களை விட்டுவிடுவோம், கிறிஸ்தவர் என்ற பெயரை மாற்றாதிருப்போம் என்றார். எது உண்மையான மதம் என்று தீர்ப்பதல்ல அரசின் வேலை, மக்கள் சேர்ந்து வாழ வழி காண்பதே என்பது அவர் வாதம். திருச்சபை விலக்கி வைத்தவனும் குடிமகன்தானே என்று கேட்டார். அவருடைய மனைவியும் மகளும் புரட்டஸ்தாந்தினர். வீட்டில் பழகியதைத்தான் அவர் நாட்டுக்குச் சொன்னார் போலும்!

1562 ஜனவரியில் வெளியான கட்டளை, நகரங்களுக்கு வெளியே வழிபட ஹியூகனோக்களுக்கு அனுமதி தந்தது. ஆறே வாரத்தில் வாஸி என்ற ஊரில், களஞ்சியமொன்றில் வழிபட்டுக்கொண்டிருந்தவர்களைக் கீஸ் பிரபுவின் ஆட்கள் கொன்றனர். போர் மூண்டது. 1568இல் லொப்பித்தால் செல்வாக்கிழந்து ஒதுங்கினார். 1572 ஓகஸ்ட் 24இல் பரிஸில் பெரும் படுகொலை தொடங்கியபோது அவர் மகள் அந்நகரிலேயே இருந்தாள். அவளைக் காப்பாற்றியவர் ஆன் தெஸ்தே. முன்பு அதே கீஸ் பிரபுவுக்கு மனைவியாக இருந்தவர். இதை வாசித்தபோது புத்தகத்தை மூடிவைத்து விட்டேன். மறு ஆண்டு லொப்பித்தால் இறந்தார்.

அவர் கேட்டது 1598இல், நான்காம் ஹென்றி மன்னரின் நாந்த் கட்டளையில் ஓரளவு கிடைத்தது. பாடசாலையிலும் மருத்துவமனையிலும் மத பேதமின்றிச் சேர்க்க வேண்டும். பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பறித்து ஞானஸ்நானம் கொடுக்கக் கூடாது. ஆனால் இது சமத்துவமன்று. பரிஸுக்குள் ஹியூகனோக்கள் பகிரங்கமாக வழிபட முடியாது. கத்தோலிக்கத் திருநாட்களில் கடை திறக்கவும் முடியாது.

அக்கட்டளையின் முதலாவது பிரிவு, நடந்தவற்றின் நினைவு அணைந்து போகட்டும் என்கிறது. பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் இதை யார் வாசித்துக் காட்டியிருப்பார்கள்? இருந்தும் அது 87 ஆண்டுகள் நின்றது. 1685இல் அதை ரத்துச் செய்தவர், ஹென்றியின் பேரன் பதினான்காம் லூயி.