பேன் மருந்தை இருமுறை இடுவது ஏன்?

பள்ளியிலிருந்து வந்த குழந்தை ஓயாமல் தலையைச் சொறிந்தால், தாயார் மனத்தில் முதலில் எழுவது கூச்சமே. ஹைதராபாத், சிகந்திராபாத் நகரங்களில் குடியேறி வாழும் நம்மவர் இல்லங்களில் இக்கூச்சம் சற்று மிகுதி. அண்டை வீட்டார் என்ன நினைப்பார்களோ என்றஞ்சி, மண்ணெண்ணெயோ மூட்டைப்பூச்சி மருந்தோ கைக்கு எட்டியதைக் குழந்தையின் தலையில் தடவிவிடுகிறோம். இதில்தான் அபாயம் இருக்கிறது.

பேன் நமக்கு மட்டும் உரியதன்று. தெலுங்கிலும் அதற்குப் பேனு என்றே பெயர். உலகெங்கும் பள்ளிப் பிள்ளைகளிடம் அது காணப்படுகிறது. அழுக்கினால் அது வருவதில்லை. பேனுக்கு இறகு இல்லை; தாவவும் இயலாது. தலையோடு தலை படும்போது மயிரைப் பற்றிக்கொண்டு நடந்து செல்கிறது. டைபஸ் என்னும் கொடிய காய்ச்சலைப் பரப்புவது உடற்பேன் என்று 1909இல் துனிஸ் நகரில் சார்ல் நிக்கோல் கண்டறிந்தார். அது வேறு வகை. தலைப்பேன் தொல்லை தருமேயன்றி அத்தகைய நோயைப் பரப்புவதாகக் கருதப்படுவதில்லை. ஆகவே பதறாமல், முறையாகச் சிகிச்சை செய்ய நமக்கு அவகாசம் உண்டு.

கடைகளில் கிடைக்கும் பேன் மருந்துகளில் பெர்மெத்ரின் 1 சதவீதம் உள்ள லோஷன் பெரிதும் வழக்கிலுள்ளது. சாமந்தி இனத்துப் பூவொன்றிலிருந்து கிடைக்கும் பூச்சிக்கொல்லிப் பொருளைப் பின்பற்றி இரசாயன முறையில் ஆக்கப்பட்டது இது. புட்டியின் மேல் எழுதியிருப்பது ஆங்கிலம். கடைக்காரர் பேசுவது தெலுங்கு அல்லது உருது. ஆயினும் மூன்று விவரங்களைக் கேட்டறியாமல் புட்டியைத் திறக்கலாகாது: மருந்தின் பெயரும் சதவீதமும், எந்த வயதினருக்கு உரியது, எத்தனை நிமிடம் வைத்திருக்க வேண்டும் என்பவை. பெர்மெத்ரின் 5 சதவீதக் களிம்பு சொறி சிரங்குக்கானது. தலைக்கு அது வேண்டாம். இரண்டு மாதம் நிரம்பாத சிசுவுக்கும், தலையில் புண் உள்ளவர்களுக்கும், கருவுற்ற பெண்களுக்கும் வைத்தியரைக் கேட்காமல் மருந்திடலாகாது.

முறை எளிது. ஷாம்பு இட்டு எண்ணெய்ப் பசை போக அலசி, துண்டால் ஈரத்தை ஒற்றி எடுக்கவும். குழந்தையின் கண்களைத் துணியால் மூடி, மயிர்க்கால் முதல் நுனிவரை மருந்தைத் தடவவும். பத்து நிமிடம் கழித்து, தலையைக் குனியச் செய்து தண்ணீரால் நன்கு அலசிவிடவும். இரவு முழுதும் வைத்திருந்தால் பலன் கூடும் என்பது தவறு, தோலுக்குத்தான் தீங்கு. பின்னர் ஓரிரு நாள் தலைக்குக் குளிக்க வேண்டாம்.

இம்மருந்து பேனைக் கொல்லும், ஈரைக் கொல்லாது. ஈர் பொரிக்க எட்டு, ஒன்பது நாட்களாகும். பொரித்த குஞ்சு முதிர்ந்து தானும் ஈர் இடுவதற்கு மேலும் 9 முதல் 12 நாட்கள் செல்லும். ஆகவே ஒன்பதாம் நாள் மீண்டும் மருந்திட்டால், அதற்குள் பொரித்த குஞ்சுகள் ஈர் இடுமுன்னரே மடியும். ஈரைப் பேனாக்கிப் பேனைப் பெருமாளாக்குவது என்று நம்மூரில் சொல்வார்கள். இரண்டாம் முறையை மறந்த வீட்டில் அது மெய்யாகவே நடந்துவிடுகிறது. "மருந்து போலி" என்று கடைக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆனால் மருந்திட்டுப் பன்னிரண்டு மணி நேரம் கழிந்தும் பேன்கள் முன்போலவே சுறுசுறுப்பாக ஊர்ந்தால், அவை அம்மருந்துக்கு அடங்காதவையாக இருக்கலாம். அப்போது அளவைக் கூட்டாமல் வைத்தியரை அணுகுக.

முன்னாளில் லிண்டேன் என்னும் காமா பென்சீன் ஹெக்ஸாகுளோரைடு லோஷனைப் பலரும் உபயோகித்தனர். நரம்புகளைத் தாக்கி வலிப்பை உண்டாக்கக்கூடிய அப்பொருள் 2009இல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் விலக்குப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. பழைய புட்டி வீட்டில் இருந்தால் அதைத் தொடவேண்டாம். மண்ணெண்ணெய் அடுப்படியில் தீப்பற்றும். வயலுக்குத் தெளிக்கும் மருந்து உயிரையே பறிக்கும். பேன் மருந்து கண்ணில் பட்டால் உடனே தண்ணீர்விட்டு நெடுநேரம் கழுவுக. குழந்தை அதைக் குடித்துவிட்டால் 108ஐ அழைக்கவும். ரெட் ஹில்ஸ் பகுதியிலுள்ள நிலூபர் அரசு மருத்துவமனை பெண்களுக்கும் குழந்தைகளுக்குமாக இயங்குகிறது.

வீட்டில் உள்ள அனைவரின் தலையையும் ஒரே நாளில் பார்த்து, பேன் உள்ளவர்களுக்கெல்லாம் அன்றே மருந்திடவேண்டும். சீப்புகளைச் சுடுநீரில் பத்து நிமிடம் ஊறவைக்கவும். மூன்று வாரம் வரை இரண்டு, மூன்று நாட்களுக்கு ஒருமுறை பேன் சீப்பால் வாரி வருக. வகுப்பாசிரியைக்கும் தெரிவிப்பது நலம்; மறைத்தால் பேன் மீண்டும் வந்து சேரும். முதல் மருந்திட்ட அன்றே நாட்காட்டியில் ஒன்பதாம் நாளைக் குறித்து வையுங்கள்.