ஒரே தோசைக்கல், வாசல் நிறையக் கூட்டம்: குடித்தபின் உடம்பு எப்படி இயங்குகிறது?

ஒடுகத்தூரில் வெள்ளிக்கிழமை ஆட்டுச்சந்தை கூடும் நாளில் ஒரு சின்ன டிபன் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே தோசைக்கல், ஒரு மாஸ்டர், கல்லாவில் கடைக்காரர். மது உள்ளே போனபின் உடம்பில் என்ன நடக்கிறது என்பதை விளக்க இந்தக் கடை போதும்.

குடித்துவிட்டு வண்டி எடுப்பது நம் பிள்ளைகளின் உயிர் விஷயம். ஆம்பூர், பேரணாம்பட்டுப் பக்கம் தோல் கம்பெனிக்கும் ஷூ கம்பெனிக்கும் ஷிப்டுக்குப் போகிற இளைஞர்களுக்கு பைக் இல்லாமல் முடியாது. மாதனூர், பள்ளிகொண்டா பக்கம் இறங்கினால் லாரிகள் ஓயாமல் ஓடும் சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலை.

வாசல்

சோறு போல மது செரிமானம் ஆகக் காத்திருப்பதில்லை. ஐந்தில் ஒரு பங்கு இரைப்பையிலிருந்தே ரத்தத்தில் கலக்கிறது. மீதி சிறுகுடல் வழியாக. வெறும் வயிறு என்றால் கடைவாசல் அகலத் திறந்து கிடக்கிறது, கூட்டம் ஒரேயடியாக உள்ளே வரும். பிரியாணி சாப்பிட்டுவிட்டுக் குடித்தால் வாசல் பாதி சாத்தியிருக்கும்; வருகிறவர்கள் மெதுவாக வருவார்கள். ஆனால் அநேகமாக எல்லோரும் வந்துசேர்ந்துவிடுவார்கள்.

ரத்தத்தில் மதுவின் அளவு உச்சத்தைத் தொட அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் வரை ஆகும். கடைசி கிளாஸைக் கவிழ்த்துவிட்டு "எனக்கு ஒண்ணும் ஆகல மச்சான்" என்று கிளம்புகிறவனுக்கு உச்சம் வருவது சாலையில்தான். தமிழ்நாட்டில் வழக்கறிஞர் கே. பாலு தொடுத்த வழக்கில், நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2016 டிசம்பர் 15 அன்று தீர்ப்பளித்தது. மக்கள்தொகை 20,000-ஐத் தாண்டாத ஊர்களுக்கு அது 2017 மார்ச்சில் 220 மீட்டராகக் குறைந்தது. நல்ல தீர்ப்பு. ஆனால் 500 மீட்டர் என்பது பைக்குக்கு ஒரு நிமிடம்கூட இல்லை. கடை தள்ளிப்போனாலும், வண்டியை எடுக்காமல் இருப்பது நம் கையில்தான் இருக்கிறது.

தோசைக்கல்

உள்ளே வந்த மதுவில் பெரும்பங்கைத் தீர்ப்பது கல்லீரல். அதுதான் நம் தோசைக்கல். மணிக்கு ஏறத்தாழ 7 முதல் 10 கிராம் வரைதான் அதனால் முடியும். கூட்டம் கத்தினாலும், தீயைக் கூட்டினாலும், கல் தன் வேகத்தில்தான் வேலை செய்யும். மீதிப் பேர் கடைக்குள் நிற்க வேண்டியதுதான். அப்படி நிற்கிற கூட்டமே ரத்தத்தில் இருக்கும் மது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு குவார்ட்டர், அதாவது 180 மில்லியில், ஏறத்தாழ 60 கிராம் சுத்த ஆல்கஹால் இருக்கிறது. 60 கிலோ எடையுள்ள இளைஞன் அதை வேகமாகக் குடித்தால், 100 மில்லி ரத்தத்தில் சுமார் 150 மில்லிகிராம் வரை ஏறலாம். சட்டம் அனுமதிக்கும் எல்லை 30. மணிக்கு 15 வீதம் இறங்கினால், முழுதும் தீர ஏறத்தாழ பத்து மணி நேரம். இரவு பத்து மணிக்குக் குடித்தவன் காலை ஆறு மணி ஷிப்டுக்கு வண்டி எடுக்கும்போதும் பாக்கி இருக்கும். ஆளுக்கு ஆள் இது கூடும், குறையும்.

கடுங்காப்பி, எலுமிச்சைச் சாறு, மோர், தலையில் தண்ணீர் எல்லாம் கடையில் லைட் போடுகிற வேலைதான். தூக்கம் கலையும்; கூட்டம் குறையாது.

கல்லா

கூட்டம் பெருகும்போது முதலில் இடம் பறிபோவது கல்லாவில் இருக்கிற கடைக்காரருக்கு. "போதும், இனி ஆர்டர் எடுக்காதே" என்று சொல்ல வேண்டியவர் அவர். மூளையின் முன்பகுதிதான் அந்தக் கடைக்காரர்: ஆபத்தை எடைபோடுவது, ஆசையை அடக்குவது அதன் பொறுப்பு. கால் தள்ளாடுவதற்கு முன்பே இது தளர்ந்துவிடுகிறது. அதனால்தான் குடித்தவனிடம் "உன்னால ஓட்ட முடியுமா?" என்று கேட்பதில் பயனில்லை.

இளம் வயதில் இந்தக் கடைக்காரர் கடைக்கே புதியவர். முன்மூளை முழுதும் முதிர ஏறத்தாழ 25 வயது ஆகிறது. அதோடு வண்டி ஓட்டிய அனுபவமும் குறைவு. அதே அளவு மதுவுக்கு இளையவர்கள் விபத்தில் சிக்கும் வாய்ப்பு பெரியவர்களைவிட அதிகம். ஆகவே இளம் ஓட்டுநர்களுக்கு எல்லை 20 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. 60 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக் பிடிக்க அரை நொடி தாமதித்தால், வண்டி 8 மீட்டர் கூடுதலாகப் போய்விடும். இருட்டில் குறுக்கே வரும் ஆட்டுக்கும் ஆளுக்கும் அந்த 8 மீட்டர்தான் உயிர்.

சட்டம் என்ன சொல்கிறது

மோட்டார் வாகனச் சட்டம் 185-வது பிரிவின்படி, முதல் முறை பிடிபட்டால் 10,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ. தெரிந்தே துணைபோனவருக்கும் 188-வது பிரிவில் அதே தண்டனை உண்டு. பின்னால் உட்கார்ந்து வருபவருக்கும் அபராதம் என்று சென்னைப் போலீஸ் 2022 அக்டோபரில் அறிவித்தது. 18 வயது நிரம்பாத பிள்ளை வண்டியோடு குற்றத்தில் சிக்கினால், 199ஏ பிரிவில் பெற்றோரோ வண்டி உரிமையாளரோ 25,000 ரூபாய் அபராதமும் மூன்று ஆண்டு வரை சிறையும் சந்திக்க நேரிடும். பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடைக்காது.

என்ன செய்யலாம்

தமிழ்நாட்டில் 21 வயதுக்குக் கீழ் மது விற்கவே கூடாது. அந்த வயதுக்குள் தொடாமல் இருப்பதே பாதுகாப்பு. அதைத் தாண்டியவர்கள், கடைக்காரர் கல்லாவில் இருக்கும்போதே முடிவெடுங்கள். முதல் கிளாஸுக்கு முன்பே சாவி குடிக்காதவர் கைக்குப் போக வேண்டும். அப்படி ஒருவர் இல்லையென்றால் வண்டி வீட்டிலேயே இருக்கட்டும். ஷேர் ஆட்டோவில் போய் வரலாம்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். "எத்தனை மணியானாலும் போன் பண்ணு, நான் வந்து கூட்டிட்டு வரேன். அன்னிக்கு ராத்திரி திட்ட மாட்டேன்" என்று இன்றே சொல்லிவையுங்கள். திட்டுக்குப் பயந்து வண்டியை எடுக்கிற பிள்ளைகள் உண்டு. அந்தப் பயத்தை எடுத்துவிடுவது உங்களால் முடியும். கண்டிப்பை மறுநாள் காலை வைத்துக்கொள்ளலாம்.