அப்பாவின் மாத்திரை அட்டையில் 'ஓசின்' இருக்கா?

வீட்டில் அப்பாவுக்கோ தாத்தாவுக்கோ 'யூரின் சரியா போகலை'னு டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரை இருந்தால், அந்த அட்டையைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்க. பிராண்ட் பெயருக்குக் கீழே பொடி எழுத்தில் மருந்தின் பெயர் இருக்கும். டாம்சுலோசின், சிலோடோசின், அல்ஃபுசோசின்... பி.பி நோயாளிகளிடம் என்றால் பிரசோசின், டாக்ஸசோசின், டெரசோசின். எல்லாம் 'ஓசின்' என்றுதான் முடியும். (அசித்ரோமைசின் மாதிரி 'மைசின்'கள் வேற குடும்பம். அவை ஆன்டிபயாடிக்.)

இந்த ஓசின் குடும்பத்துக்குப் பெயர், ஆல்ஃபா பிளாக்கர்.

நமக்கு டென்ஷன் ஏறும்போதும், உட்கார்ந்த இடத்தில் இருந்து எழும்போதும் நரம்பு முனைகளில் நார்அட்ரினலின் சுரக்கும். அது ரத்தக்குழாய்ச் சுவரில் இருக்கும் ஆல்ஃபா ஏற்பிகளில் போய் உட்கார்ந்ததும் குழாய் சுருங்கும், பி.பி ஏறும். அந்த இடத்தை மாத்திரை முன்கூட்டியே பிடித்துக்கொண்டால் குழாய் தளரும், பி.பி இறங்கும். இதே ஏற்பிகள் புராஸ்டேட்டிலும் சிறுநீர்ப்பையின் வாயிலும் இருக்கின்றன. அங்கே தசை தளர்ந்தால் யூரின் தடையில்லாமல் போகும். சிறுநீர்க்குழாயில் சிக்கிய கல் இறங்கவும் டாம்சுலோசின் தருகிறார்கள்.

சிக்கலும் இங்கேதான். 'இது யூரின் மாத்திரைதானே' என்று வீட்டில் நினைத்திருப்போம். டாம்சுலோசின், சிலோடோசின் போன்றவை புராஸ்டேட்டைக் குறிவைத்தே வேலை செய்பவை என்றாலும், ரத்தக்குழாயை முழுசாக விட்டுவைப்பதில்லை.

படுத்திருப்பவர் எழுந்து நிற்கும்போது ரத்தம் காலுக்கு இறங்கும். உடனே குழாய்கள் சுருங்கி அதை மேலே தள்ள வேண்டும். மாத்திரை அந்தச் சுருக்கத்தைத் தடுப்பதால் கண் இருட்டும், தலை சுற்றும், சிலர் விழுந்தேவிடுவார்கள். முதல் டோஸிலும், டோஸை ஏற்றும்போதும் இது அதிகம். அதனால்தான் பிரசோசின், டாக்ஸசோசின் போன்றவற்றைக் குறைந்த அளவில், பெரும்பாலும் படுக்கப்போகும் நேரத்தில் ஆரம்பிக்கிறார்கள். ஆனால், புராஸ்டேட் பிரச்னை இருப்பவர் ராத்திரி ரெண்டு மணிக்கு பாத்ரூமுக்கு எழுந்திருப்பாரே! 70 வயதில் பாத்ரூமில் விழுந்தால் இடுப்பு எலும்பு என்னவாகும்னு சொல்லவே வேண்டாம். கட்டில் ஓரத்தில் ரெண்டு நிமிஷம் உட்கார்ந்துவிட்டு எழச் சொல்லுங்க. வழியில் ஒரு நைட் லேம்ப் போடுங்க. தலை சுற்றினால் சுவரைப் பிடித்து நடக்க வேண்டாம், அங்கேயே உட்கார்ந்துவிடுவது நல்லது.

ஊருக்குப் போன இடத்தில் மாத்திரையைச் சில நாள் விட்டுவிட்டார் என்றால், திரும்பி வந்து பழைய டோஸையே போடக் கூடாது. உடம்புக்கு அது மறுபடியும் முதல் டோஸ் மாதிரிதான். டாக்டரிடம் கேட்டுவிட்டு ஆரம்பிக்கணும்.

மூக்கடைப்பும் ஒரு பக்க விளைவு. அதற்கு மெடிக்கலில் தானாக வாங்கிப் போடும் சளி மாத்திரைகள் பலவற்றில் ஃபெனைல்எஃப்ரின் இருக்கும். அது ஆல்ஃபா ஏற்பிகளைத் தட்டி எழுப்பும் மருந்து, அதாவது நேர் எதிரி. மூக்கு திறக்கிறதோ இல்லையோ, யூரின் அடைக்கலாம்!

ஆண்கள் வாய்விட்டுச் சொல்லாத ஒன்று, விந்து வெளிவராமல் போவது. சிலோடோசினில் இது அதிகம். ஆபத்தில்லை, மருந்தை நிறுத்தினால் சரியாகும். ஆனால் குழந்தைக்கு முயற்சி செய்பவர், கிட்னி கல்லுக்காக ஓசின் மாத்திரை சாப்பிடுகிறார் என்றால் டாக்டரிடம் சொல்லியாகணும். வயாகரா வகை மாத்திரையைக் கேட்காமல் இதோடு சேர்த்தால் பி.பி மளமளவென இறங்கலாம்.

பி.பி-க்கு முதல் சாய்ஸாக இப்போது இதை எழுதுவதில்லை. அமெரிக்காவில் நடந்த ஆல்ஹாட் என்ற பெரிய ஆய்வில், டாக்ஸசோசின் எடுத்தவர்களுக்கு இதயச் செயலிழப்பு, ஒப்பிட்ட மருந்தைவிட சுமார் இரு மடங்கு வந்ததால், 2000-ல் அந்தப் பிரிவையே நிறுத்தினார்கள். மற்ற மருந்துகளுக்கு பி.பி அடங்காதபோது கூடுதலாகச் சேர்ப்பார்கள்.

அதற்காக இதை வில்லனாக்கிவிடவும் முடியாது. செந்தேள் கொட்டினால் விஷம் உடம்பில் அட்ரினலினைக் கொட்டித் தள்ளும். நுரையீரலில் நீர் கோத்து உயிரே போகும். மகாராஷ்டிராவின் மஹாடில் கிராம மக்களுக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் ஹிம்மத்ராவ் பாவஸ்கர், பிரசோசின் கொடுத்து அந்த மரணங்களைப் பெருமளவு குறைத்துக் காட்டினார். 2022-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. இது ஆஸ்பத்திரியில் பி.பி-யைப் பார்த்துக்கொண்டே தருவது. வீட்டில் இருக்கும் மாத்திரையை எடுத்துப் போடுவதற்கில்லை.

கடைசியாக, வீட்டில் யாருக்காவது கண்புரை ஆபரேஷன் இருக்கா? ஓசின் மாத்திரை கண்மணியின் தசையையும் தளர்த்தும். ஆபரேஷன் நடுவே கருவிழித்திரை தொளதொளவென ஆடி, கண்மணி சுருங்கிவிடும். 2005-ல்தான் மருத்துவ உலகம் இதைக் கண்டுபிடித்துப் பெயர் வைத்தது. எப்போதோ சாப்பிட்டு நிறுத்தியவர்களுக்கும் வரலாம் என்பதால், முதல் நாள் மாத்திரையை நிறுத்திவிட்டுப் போவதில் பலனில்லை. முன்பே தெரிந்தால் கண் டாக்டர் தேவையான மருந்து, கருவிகளோடு தயாராக இருப்பார். "வேற மாத்திரை ஏதாவது சாப்பிடுறீங்களா?" என்று அவர் கேட்கும்போது அப்பா "பி.பி மாத்திரை, சுகர் மாத்திரை"யோடு நிறுத்திவிடுவார். அட்டையை இன்றைக்கே உங்கள் போனில் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்க.