அருளில் நிற்றலும் பாவம் நீங்குதலும்

அருள் பெற்றவனிடத்துப் பாவம் உளதாமோ? உளதாயின் அவ்வருளாற் போந்த பயன் யாது? இலதாயின், அருள் பெற்றேம் என்பாரும் வழுவக் காண்டல் எற்றுக்கு? இவ்வினா சைவர்க்கும் உரியது, கிறித்தவர்க்கும் உரியது. இரு சாராரும் இதற்கு விடை கூறியுள்ளனர். அவ்விடைகளை ஒருங்கு வைத்து ஆராய்தல் ஈண்டு எம் கருத்து.

நம்மவருட் சிலர், கிறித்தவ சமயம் 'நம்பினாற் போதும். பின் யாது செய்யினும் மன்னிப்பு உண்டு' என்று போதிப்பதாக எண்ணி எள்ளுவர். கிறித்தவருட் சிலர், சைவம் வினைக்கணக்கு ஒன்றையே கூறி அருளுக்கு இடமளியாத சமயம் என்பர். இவ்விரண்டும் நூல் நோக்காதார் கூற்றுக்களாம். பிறர் கொள்கையை மறுக்கப் புகுவோன் முதற்கண் அதனை உள்ளவாறு எடுத்துரைத்தல் வேண்டும் என்பது நம் ஆசிரியர் மரபு. சிவஞானசித்தியார் பரபக்கம் பதினான்கு மதங்களையும் அவ்வம் மதத்தார் கூற்றாக முன்னர் நிறுத்திப் பின்னரே மறுக்கின்றமை காண்க. அம்மரபை ஈண்டும் மேற்கொள்வாம்.

இப்பொருள் பெரிதும் வாதிக்கப்பெற்ற இடமொன்று எம்மூராகிய மாடம்பாக்கத்துக்கு அணித்தே உளது. சென்னைக் கிறித்தவக் கல்லூரி 1937 ஆம் ஆண்டு நகரத்தினின்றும் தாம்பரத்துக்குப் பெயர்ந்தது. அடுத்த ஆண்டாகிய 1938 டிசம்பரில், பல நாட்டுக் கிறித்தவத் திருச்சபைகளின் பிரதிநிதிகள் நானூற்றுக்கு மேற்பட்டார் அக்கல்லூரியிற் கூடி அனைத்துலக மிஷனெரி மாநாடு நடத்தினர். அம்மாநாட்டின் பொருட்டு ஆலந்து நாட்டுப் பேராசிரியர் கிரேமர் எழுதிய பெருநூல், பிற சமயங்களுக்கும் கிறித்துவின் வாயிலாக வெளிப்பட்ட அருளுக்கும் இடையே தொடர்ச்சி இல்லை என்னும் கருத்துடையது. அக்கல்லூரியின் தலைவராயிருந்த ஆக் என்னும் ஸ்காத்லாந்து அறிஞர் அதனை மறுத்தார். பிற சமயத்தாரிடத்தும் கடவுளைத் தேடுதல் மட்டுமன்றி, கடவுளைக் கண்டு அவரிடத்து மறைந்து வாழும் மெய்வாழ்வும் உண்டு என்பது அவர் துணிபு. கன்மமும் மீட்பும் என்னும் பொருள் பற்றி 1909 ஆம் ஆண்டிலேயே நூல் இயற்றியவர் அவர். ஆகவே, அருள் யார்மாட்டு உளது என்னும் இவ்வினாவிற் கிறித்தவரும் ஒரு தலைப்பட்டாரல்லர் என்பது தெளியப்படும்.

இனி, கிறித்தவக் கொள்கையை நோக்குவாம். பாவமாவது தனித்தனிச் செய்யப்படும் தீச்செயல் மாத்திரம் அன்று. உயிர் இறைவனை விட்டுத் தன்னையே தலைமையாகக் கொண்டு திரும்பி நிற்கும் நிலையே பாவத்தின் வேர் என்பர். அந்நிலையை மனிதன் தன் முயற்சியால் மாற்றிக்கொள்ள வல்லனல்லன். ஐந்தாம் நூற்றாண்டிற் பெலேகியன் என்பான், மனிதன் தன் உரிமையாலேயே பாவமின்றி வாழக்கூடும் என்றான். அகுஸ்தீன் அதனை மறுத்து, அருளை விரும்பும் விருப்பமும் அருளாலேயே வருவது என்று நிறுவினார். 418 ஆம் ஆண்டிற் கார்த்தேஜில் கூடிய சங்கம் பெலேகியன் கொள்கையை விலக்கிற்று. கிருபை என்று தமிழ்க் கிறித்தவர் வழங்குவது இவ்வருளையே.

அற்றேல், பாவம் பெருகுந்தோறும் மன்னிக்கும் அருளும் பெருகுமாதலின் பாவத்திலே நிலைத்தல் நன்றாம் பிற எனின், அவ்வாசங்கையைக் கிறித்தவ நூலே எழுப்பி விடுக்கின்றது. பவுல் என்னும் அடியார் உரோமர்க்கு வரைந்த நிருபத்தின் ஆறாம் அதிகாரம் முழுமையும் அதற்கு விடையாக அமைந்துளது. அருளுட் புகுந்தவன் பாவத்துக்கு இறந்துபட்டவன். இறந்தான் மீட்டும் அதிலே வாழ்தல் எங்ஙனம் என்பது அவர் வினா. மேலும், மனிதன் எவ்வாற்றானும் ஒருவற்கு அடிமையே. முன்னர்ப் பாவத்துக்கு அடிமையாயிருந்தவன் இப்பொழுது நீதிக்கு அடிமையாயினான் என்பது அவர் காட்டும் நெறி. விடுதலை என்பது தலைவனின்றித் திரிதல் அன்று, தலைவன் மாறுதலே என்பது இதனாற் பெறப்படும்.

இவ்வளவிற் கிறித்தவர் ஒருமைப்படினும், அருள் பெற்ற பின்னர்ப் பாவம் எஞ்சுமோ என்னுமிடத்து வேறுபடுவர். லூத்தர், விசுவாசி இறைவன் திருமுன் நீதிமானாகவும், தன்னளவிற் பாவியாகவும் ஒருங்கே உளன் என்றார். வெஸ்லி 1766 இல் வெளியிட்ட நூலில், அன்பு நிறைந்த உள்ளத்தில் அறிந்து செய்யும் பாவம் இம்மையிலேயே ஒழிதல் கூடும் என்றார். முன்னது எஞ்சி நிற்கும் மாசினை நோக்கிற்று. பின்னது அருளின் வலியை நோக்கிற்று. தமிழில் இப்பொருளைக் காவியமாக்கியவர் திருநெல்வேலி நாட்டுக் கரையிருப்பிற் பிறந்து, 1858 இற் கிறித்தவராகிய எச். ஏ. கிருஷ்ண பிள்ளை. பனியன் என்பார் 1678 இல் வெளியிட்ட ஆங்கில நூலைத் தழுவி அவர் இயற்றிய இரட்சணிய யாத்திரிகம் 1894 இல் வெளிவந்தது. பாவச்சுமை தாங்கிய யாத்திரிகன் சிலுவையைக் கண்டவிடத்துச் சுமை கழலப்பெறுகின்றான். ஆயினும் வழி ஆண்டு முடிந்திலது. சுமை நீங்கிய பின்னரே இடர் மிக்க வழி எதிர்ப்படுகின்றது. மன்னிப்பு ஒரு கணத்தது, தூய்மை வாழ்நாள் முழுவதும் நிகழ்வது என்னும் கொள்கை இதனுள் அடங்கியுளது.

இனிச் சித்தாந்தத்தை நோக்குவாம். உயிரைப் பிணித்தன ஆணவம், கன்மம், மாயை என்னும் மும்மலங்கள். இவற்றுள் ஆணவம் அநாதி. செம்பிற் களிம்புபோல உடனாயது. பாவமும் புண்ணியமும் கன்மத்தின் பாற்படும்; வேர் ஆணவத்தே உளது. யான் எனது என்னும் முனைப்பின் வழிச் செய்யும் புண்ணியமும் பொன் விலங்கேயாம். இவ்விருளினின்றும் உயிர் தானே எழ வல்லதன்று. இருவினையொப்பும் மலபரிபாகமும் வந்துழிச் சத்திநிபாதம் நிகழும் என்றவழி, உயிர் தன்னைத் தானே பக்குவப்படுத்திக் கொண்டு அருளை விலைக்குப் பெறுவதாகக் கருதற்க. அப்பக்குவத்தை வருவிப்பதும் மறைத்து நின்று நடத்தும் திரோதான சத்தியே, அதுவும் அருளே. ஆகவே, சைவம் வினைக்கணக்கு ஒன்றையே கூறும் என்பார் கூற்றுப் பொருந்தாது. உமாபதி சிவாசாரியர் அருளையே பெயராகவும் பொருளாகவும் கொண்டு திருவருட்பயன் என நூறு குறட்பாக்களால் ஒரு நூல் அருளினமையும், திருவாசகத்தை ஆங்கிலப்படுத்தி 1900 இல் வெளியிட்ட போப்பையர் கிறித்தவ ஊழியராயிருந்தும் அதன்கண் ஈடுபட்டமையும் ஈண்டு நினைக்கத்தக்கன.

அருள் பெற்றார்க்கு வினை நீங்கும் முறை யாதெனின், கூறுதும். பண்டு ஈட்டிய சஞ்சிதம் ஞானாசிரியன் செய்யும் தீக்கையால் நீறாம். உடலைத் தந்த பிராரத்தம் உடலொடு நுகர்ந்தே கழியும். இனி ஏறற்பாலதாகிய ஆகாமியம், ஞானத்தால் ஏறாதொழியும். ஏறாமைக்கு ஏது யாது? உயிர் இறைவனோடு ஏகனாகி இறைபணியின் நிற்றலே என்று சிவஞானபோதம் பத்தாம் சூத்திரம் விடை பகரும். தன் செயல் அற்றவிடத்து அச்செயலின் பயனைத் தாங்குவானும் இலனாவன். எனினும், பெருங்காயம் இருந்த கலத்தில் அது நீங்கிய பின்னும் மணம் எஞ்சுமாறு போல, பிராரத்தம் உள்ளளவும் மலவாசனை தாக்கும். அதனாலன்றோ சூத்திரம் பத்துடன் நில்லாது, அயரா அன்பினைப் பதினொன்றாம் சூத்திரத்தும், மலங்கழுவி அன்பரொடு கூடி அவர் வேடத்தையும் ஆலயத்தையும் அரன் எனத் தொழுதலைப் பன்னிரண்டாம் சூத்திரத்தும் ஆசிரியர் வகுத்தார். லூத்தரும் வெஸ்லியும் பிரிந்து நின்று கூறிய இரண்டும் இங்கே ஒரு நெறியின் இரு கூறாக அமைந்திருத்தல் காண்க. பணியில் நிற்குமளவும் வினை இல்லை. பணி நெகிழின் வாசனை எழும்.

இரு சமயமும் மிக அணுகும் இடம் ஒன்று உளது. சண்டேசுவரர் தந்தையின் தாளை வெட்டியது அறமாயிற்று. தக்கன் செய்த வேள்வி பாவமாயிற்று. அரன்பால் அன்புடையார் செயலும் அன்பிலார் செயலும் வினையின் வடிவால் அளக்கப்படா, அன்பினால் அளக்கப்படும் என்பது சித்தியார் துணிபு. விசுவாசத்தினின்றும் எழாத செயல் யாவும் பாவமே என்னும் கருத்தினைப் பவுலும் அந்நிருபத்தின் பதினான்காம் அதிகாரத்திற் கூறியுள்ளார்.

எனினும், வேற்றுமையை மறைத்தல் உண்மைக்கு இழுக்காம். கிறித்தவர் பாவத்துக்கு ஆதாம் என்னும் முதன்மனிதன் வழியே தொடக்கம் கூறுவர். நாம் மலத்துக்குத் தொடக்கம் கூறேம். அவர் பாவத்தை இறைவன்பாற் செய்த குற்றமாக முதற்கண் நோக்குவர். நாம் உயிரைப் பற்றிய இருளாக நோக்குகின்றேம். குற்றத்துக்கு மன்னிப்பும், இருளுக்கு ஒளியும் மருந்தாதல் இயல்பு. அவர் பிறவி ஒன்றே என்பர். இயேசுவின் சிலுவைப் பலியாகிய ஒரு நிகழ்ச்சியால் உலகனைத்துக்கும் மீட்பு என்பர். நாம் பிறவி பல என்றும், அவ்வவ்வுயிர்க்குப் பக்குவ காலத்தில் இறைவன் குருவடிவாய் வந்து அருளுவன் என்றும் கொள்கின்றேம். எல்லாம் ஒன்றே என்று கூறிவிடுவார் இரு சமயத்தையும் அறியார்.

யாம் மடத்திற் பாடங்கேட்ட நாளில் உடன்பயின்றாரொருவர், 'சீவன்முத்தன் தீங்கு செய்யினும் வினை பற்றாதாயின், அவன் தீங்கு செய்யலாமோ?' என்று வினவினார். ஆசிரியர், 'செய்யலாமோ என்று இடம் தேடுவது ஆணவம். அஃது அணைந்தவன் வினா அன்று' என்று விடையிறுத்தார். பவுலின் நிருபத்தைப் பிற்காலத்து யாம் கற்றபொழுது, அவ்விடையே வேறொரு மொழியில் நின்றது கண்டு வியந்தேம்.

இஃது இன்று நமக்கு இன்றியமையாதது. நம் வழக்கில், நன்மை வந்துழி 'யான் செய்தேன்' என்றும், தீமை செய்துழி 'எல்லாம் அவன் செயல்' என்றும் கூறுவாரைக் காண்கின்றேம். அவ்வுரை இறைபணி நிற்றல் ஆகாது. தன் பிழையை இறைவன்மேல் ஏற்றுதலாம். பிறர் சமயத்தை, அருளின் பேரால் பாவத்துக்கு வாயில் திறந்தது என்று இகழும் நாம், அதே வாயிலை நம் மனையில் திறந்து வைத்தல் தகுமோ? தன் செயல் அற்றான் என்பதற்கு அடையாளம், பழியைப் பிறர்மேல் வையாமையும் புகழைத் தனக்கென வேண்டாமையுமாம்.

மாடம்பாக்கத்துத் தேனுபுரீசர் திருக்கோயில் தூங்கானை மாடமாக அமைந்த சோழர் காலத் தளி. அதன் தலவரலாறு இப்பொருட்கு நல்லதோர் இலக்கியம். கபிலமுனிவர் சிவலிங்கத்தை இடக்கையில் ஏந்தி வலக்கையால் மலரிட்டு வழிபட்டார். அம்முறைக்கேட்டினாற் பசுவாகப் பிறந்தார். அப்பசு மண்ணுள் மறைந்திருந்த இலிங்கத்தின்மேல் நாள்தோறும் பால் சொரிந்தது. கண்ட இடையன் அடிக்க, அது மருண்டு குளம்பால் நிலத்தை மிதித்தது. மிதியுண்ட இடத்தில் குருதி பெருகிற்று. இறைவன் வெளிப்பட்டுப் பசுவுக்கு வீடளித்தான். குளம்பின் வடு இன்றும் இலிங்கத் திருமேனியில் உளது என்ப.

நோக்குக: பிழை பூசையினுள்ளே நிகழ்ந்தது, பசு என்பது உயிர்க்கும் பெயர். பிறவியால் திருந்த வந்த அப்பசு, மீட்டும் இறைவனையே மிதித்தது. அப்பொழுதும் அருள் பின்வாங்கிற்றிலது. வடுவைத் தன்மேல் ஏற்று வெளிப்பட்டது. சிலுவையில் வடுவேற்ற இறைவனைத் தொழும் கிறித்தவர் இக்கதையை அயலதாகக் கருதார் என்று எண்ணுகின்றேம். வடு உள்ளது என்று அறிந்தவன் மீட்டும் மிதிக்க மனங்கொள்ளான். பாவத்தினின்றும் நீங்கி அருளில் நிற்றல் அங்கே தொடங்குகின்றது.

திருச்சிற்றம்பலம்.