நிலைத்த சேமிப்புள்ள லைவ் லினக்ஸ் பென்டிரைவ்

நிலைத்த சேமிப்புள்ள லைவ் லினக்ஸ் பென்டிரைவ் என்பது, கணினியின் வன்தட்டில் எதையும் நிறுவாமல் பென்டிரைவிலிருந்தே லினக்ஸ் இயங்குதளத்தைத் தொடங்கவும், செய்த வேலையை அதே பென்டிரைவில் சேமிக்கவும் உதவும் அமைப்பு ஆகும். சொந்தக் கணினி இல்லாமல், ஆய்வகத்திலும் உறவினர் வீட்டிலும் கிடைக்கும் கணினிகளை அனுமதி பெற்றுப் பயன்படுத்தும் மாணவர்களுக்கு இது மிகவும் பயன்படும்.

பின்னணி

ஜெர்மனியைச் சேர்ந்த கிளாவுஸ் க்னோப்பர் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட நாப்பிக்ஸ், லைவ் லினக்ஸைப் பரவலாக அறிமுகப்படுத்தியது. இது டெபியன் லினக்ஸை அடிப்படையாகக் கொண்டது. அக்காலத்தில் லைவ் லினக்ஸ் பெரும்பாலும் குறுவட்டிலிருந்து இயங்கியது. குறுவட்டில் மீண்டும் எழுத முடியாததால், கணினியை அணைத்ததும் எல்லா மாற்றங்களும் மறைந்துவிடும். பென்டிரைவில் மீண்டும் மீண்டும் எழுதலாம் என்பதால் இக்குறை நீங்கியது.

செயல்படும் விதம்

லைவ் லினக்ஸின் கோப்புகள் ஸ்குவாஷ்எஃப்எஸ் என்னும் சுருக்கப்பட்ட, படிக்க மட்டுமே கூடிய வடிவில் இருக்கும். அதன்மேல் எழுதக்கூடிய அடுக்கு ஒன்று வைக்கப்படுகிறது. பாடநூலின் பக்கத்தின்மேல் ஒளி ஊடுருவும் தாளை வைத்து, அதில் குறிப்பு எழுதுவதைப் போன்றது இது. நூல் மாறுவதில்லை; பார்ப்பவருக்கோ இரண்டும் ஒரே பக்கமாகத் தெரியும்.

சாதாரண லைவ் முறையில் இந்த மேலடுக்கு கணினியின் தற்காலிக நினைவகத்தில் இருக்கும். மின்சாரம் நின்றதும் அழிந்துவிடும். நிலைத்த சேமிப்பு முறையில் அது பென்டிரைவின் தனிப் பிரிவு ஒன்றில் இருக்கும். தொடங்கும்போது இயங்குதளம் அப்பிரிவை அதன் பெயரைக் கொண்டு தேடும். டெபியனில் 'பெர்சிஸ்டன்ஸ்' என்றும், உபுண்டுவில் வழக்கமாக 'கேஸ்பர்-ஆர்டபிள்யூ' என்றும் அப்பெயர் இருக்கும்.

உருவாக்கும் முறை

விண்டோஸ் கணினியில் ரூஃபஸ் என்னும் இலவச மென்பொருளைக் கொண்டு இதைச் செய்யலாம். 2019இல் வெளிவந்த 3.7 பதிப்பிலிருந்து ரூஃபஸில் இவ்வசதி உள்ளது.

1. உபுண்டுவின் ஐஎஸ்ஓ கோப்பை அதன் அதிகாரப்பூர்வத் தளத்திலிருந்து பதிவிறக்கவும். இன்றைய பதிப்புகள் 5 ஜிபிக்கு மேல் இருப்பதால், 16 ஜிபி பென்டிரைவாவது தேவை. 32 ஜிபி நல்லது.
2. பென்டிரைவில் உள்ள கோப்புகளை வேறிடத்தில் நகலெடுத்துக்கொள்ளவும். அதில் உள்ள அனைத்தும் அழிந்துவிடும்.
3. மற்றப் பென்டிரைவுகளையும் வெளிப்புற வன்தட்டுகளையும் கழற்றிவிட்டு ரூஃபஸைத் திறக்கவும். சாதனத்தின் பெயரையும் கொள்ளளவையும் இருமுறை சரிபார்க்கவும். தவறான சாதனத்தைத் தேர்ந்தெடுத்தால் அதிலுள்ள தரவு போய்விடும்.
4. ஐஎஸ்ஓ கோப்பைத் தேர்ந்தெடுத்ததும், நிலைத்த பிரிவின் அளவைக் கேட்கும் பகுதி தோன்றும். அது பூச்சியத்தில் இருந்தால் சேமிப்பு உருவாகாது. 16 ஜிபி பென்டிரைவில் 8 ஜிபி வரை ஒதுக்கலாம்.
5. எழுதும் முறை கேட்கப்பட்டால் ஐஎஸ்ஓ முறையைத் தேர்ந்தெடுக்கவும். டிடி முறையில் இச்சேமிப்பு உருவாகாது.
6. எழுதி முடித்ததும் கணினியை மறுதொடக்கம் செய்து, எஃப்12, எஃப்9, எஸ்கேப் போன்ற விசைகளில் அக்கணினிக்குரியதை அழுத்திப் பென்டிரைவைத் தேர்ந்தெடுக்கவும்.
7. திரையில் 'நிறுவு' என்பதைத் தவிர்த்து, 'முயன்று பார்' என்பதையே தேர்ந்தெடுக்கவும். 'நிறுவு' என்பது அக்கணினியின் வன்தட்டை மாற்றக்கூடும்.

சோதித்தல்

முக்கிய வேலையைத் தொடங்கும் முன், ஒரு சிறு கோப்பை உருவாக்கிக் கணினியை முறையாக அணைத்து, மீண்டும் தொடங்கிப் பார்க்கவும். கோப்பு அப்படியே இருந்தால் சேமிப்பு இயங்குகிறது. தமிழ்99 விசைப்பலகையை ஒருமுறை அமைத்துவிட்டால், அதுவும் அடுத்தமுறை அப்படியே இருக்கும்.

வரம்புகள்

- மென்பொருளைப் புதுப்பிக்கும்போது பழைய கோப்புகள் கீழடுக்கிலேயே இருக்கும்; புதியவை மேலடுக்கை நிரப்பும். ஆகவே முழு இயங்குதளத்தையும் புதுப்பிப்பதைத் தவிர்த்து, தேவையான மென்பொருள்களை மட்டும் நிறுவுவது நல்லது.
- கீழடுக்கில் உள்ள மென்பொருளை நீக்கினாலும் இடம் மிச்சமாகாது. அது நீக்கப்பட்டது என்ற குறி மட்டுமே மேலடுக்கில் பதிவாகும்.
- கணினியை அணைக்காமல் பென்டிரைவைப் பிடுங்கினால் கோப்புகள் சிதையலாம்.
- இம்முறையில் தரவு மறைகுறியாக்கப்படுவதில்லை. பென்டிரைவ் தொலைந்தால், எடுத்தவர் அதைப் படிக்க முடியும். டெய்ல்ஸ் என்னும் லைவ் லினக்ஸில் நிலைத்த சேமிப்பு கடவுச்சொற்றொடரால் மறைகுறியாக்கப்படுகிறது.
- பென்டிரைவின் நினைவகத்தில் குறிப்பிட்ட அளவு முறைகளே எழுத முடியும். நாள்தோறும் பயன்படுத்தினால் அது விரைவில் தேயும்.

நிலைத்த சேமிப்பு என்ற பெயரில் 'நிலைத்த' என்பது, அணைத்த பின்னும் மறையாது என்ற பொருளில் மட்டுமே வருகிறது. ஒருபோதும் அழியாது என்ற பொருளில் அன்று. செயல்திட்ட அறிக்கை, ஆய்வேடு போன்றவற்றின் நகலை வேறோர் இடத்திலும் வைத்திருப்பது கட்டாயம்.